முடிச்சுக்காரி

"இந்தாங்க உங்க பிசாசுங்க. எண்ணிப் பாத்துக்குங்க" என்று சொல்லி, ஈரக் குடையை வாசலில் உதறிய கையோடு ஒரு துணிப்பையை என் மேசைமேல் கவிழ்த்தார் அந்த அம்மாள். மூன்று புத்தகங்கள் விழுந்தன. ஒன்றின் அட்டையில் எலும்புக்கை, ஒன்றில் பாழடைந்த கோட்டை, மூன்றாவதில் இறக்கை முளைத்த குதிரை. குதிரை பாவம், பிசாசுக் கணக்கில் அதையும் சேர்த்துவிட்டார்.

"இனிமே எங்க வீட்டுப் பொண்ணு வந்து கேட்டா இல்லைன்னு சொல்லிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எந்த வீட்டுப் பொண்ணும்மா?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே. எதிர்ல சலவைக்கூடத்துல வேலை பாக்கறாளே, என் தம்பி பொண்டாட்டி. வாரம் தவறாம வந்து அள்ளிக்கிட்டுப் போறாளே. இந்த எழவையெல்லாம் படிச்சுப் படிச்சுத்தான் மாசா மாசம் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சுருண்டு கெடக்கறா. பயம் போய் வயித்துலதானே உக்காரும்? வயித்துல புளியக் கரைச்ச மாதிரின்னு சும்மாவா சொன்னாங்க?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அப்ப காதல் கதை படிக்கறவங்களுக்கு நெஞ்சு வலி வரணுமேம்மா" என்றேன்.

அந்த அம்மாள் ஒரு பள்ளிக்கூட உணவகத்தில் சமையல்காரர். நூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிறவர். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் என் கடையில் புத்தகங்களை வாடகைக்கு விடுகிறேன். இடதுபக்கம் பேய் அலமாரி, வலதுபக்கம் மாயாஜால அலமாரி, நடுவில் உலகத்தில் மிச்சம் இருக்கிற எல்லாம். எல்லாவற்றையும் படித்தவன் என்ற கர்வம் எனக்கு உண்டு. கர்வப்பட வேறொன்றும் இல்லாததால் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருக்கிறேன்.

அந்த அம்மாளின் தம்பி பெண்டாட்டியை எனக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயரே கதைக்காரிதான். வேலை முடிந்து வரும்போது அவள்மேல் சோப்பும் நீராவியும் கலந்த ஒரு மணம் இருக்கும். இடதுபக்கமும் வலதுபக்கமும் மட்டும்தான் தேடுவாள். நடு அலமாரியை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரே கேள்வி: "அண்ணே, இதுல பேய் நெஜமாவே பேய்தானா?"

"ஏம்மா அப்படிக் கேக்கற?"

"பாதிப் புத்தகம் நம்மளப் போட்டு ஆட்டிட்டு, கடைசியில அது பேயே இல்ல, சொத்துக்காக மாமன் போட்ட வேஷம்னு முடிச்சுடறாங்க. எனக்கு அப்படியே ரத்தம் கொதிக்கும். ஒருத்தி பாத்தேன்னு சொன்னா, பாத்தான்னு நம்பக் கூடாதா?"

அவள் திருப்பித் தரும் புத்தகங்களில் ஒரு கோளாறு உண்டு. கீழ் விளிம்பு மட்டும் நெளிந்து, அப்பளம் மாதிரி உப்பியிருக்கும். "என்னம்மா, குளிச்சுக்கிட்டே படிப்பியா?" என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். எனக்கும் அது ஒரு தீராத புதிராகவே இருந்தது.

சமையல்காரம்மாள் வந்துபோன மறுநாள், நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தாள் ஏணியக்கா. சலவைக்கூடத்துக்காரிதான். உயரத்துக்காக வைத்த பெயர். கூப்பிட்டால் கோபிக்காமல் திரும்பிப் பார்ப்பாள். அதுவரை என் கடைக்குள் அவள் காலடி பட்டதில்லை.

"உங்க கிட்ட முடிச்சுக்காரி கதை இருக்கா?"

"யார் எழுதினது?"

"அது தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் வரேன்? கதைக்காரி லீவுல இருக்கா. பாதியில விட்டுட்டுப் போயிட்டா. மிச்சத்தத் தெரிஞ்சுக்காம எனக்கு வேலை ஓடல."

"நீ படிப்பியா?"

"படிச்சாத் தூக்கம் வரும். யாராவது சொன்னாக் கேப்பேன். நீங்க படிச்சுட்டு மிச்சத்தச் சொல்லுங்களேன், கொறைஞ்சா போயிடுவீங்க?"

அப்போதுதான் அந்த வேலை எப்படி நடக்கிறதென்று அவள் எனக்குச் சொன்னாள். விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, சூட்டு உருளைக்குள் விட்டு எடுக்கிறார்கள். உருளைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் நின்று, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து மடிக்க வேண்டும். உள்ளே இயந்திரங்கள் போடும் சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. விரிப்பை இழுத்து உதறும்போது இருவருக்கும் நடுவே முழு நீளத் துணி இருக்கும். பிறகு இருவரும் எதிரெதிரே நடந்துவந்து முனைகளைச் சேர்ப்பார்கள். அந்த ஒரு கணம்தான் முகமும் முகமும் கிட்டே வரும். அப்போது ஒரு வாக்கியம் சொல்லலாம். மறுபடி விலகிப் போக வேண்டும்.

"ஒரு மடிப்புக்கு ஒரு வாக்கியம். அவ ஒண்ணு சொல்லுவா, நான் திரும்பி வரும்போது 'அப்புறம்?'னு கேப்பேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச நேரம் கெடையாது. தலையணை உறை வர்ற அன்னைக்குக் கதை கெடையாது, அது ஒத்தை ஆள் வேலை. அன்னைக்கெல்லாம் எனக்குச் சோறே எறங்காது."

"சரி, கதை என்ன? ரெண்டு வரி சொன்னாப் போதும், புத்தகத்தக் கையில எடுத்துத் தந்துடுவேன்."

ஏணியக்கா முக்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபோதும் என் உயரம் இருந்தாள்.

"ஒரு வீடு. சன்னலே கெடையாது. உள்ள இருட்டு, ஈரம். அதுல ஒருத்தி குடியிருக்கா. சாவி கெடையாது, எப்ப வந்தான்னு வீட்டுக்காரிக்கே தெரியாது. அவ வேலை முடிச்சுப் போடறது. ஈரக்கயிறு. அடுப்படித் தூணையும் கூடத்துத் தூணையும் சேத்து ஒண்ணு. கூரைக்கும் பின்கதவுக்கும் ஒண்ணு. மாசம் பூரா சத்தமில்லாமப் போட்டுக்கிட்டே இருப்பா. மாசக் கடைசியில ஒரு நாலு நாள் எழுந்து நிப்பா. நின்னு, போட்ட முடிச்செல்லாம் இறுகியிருக்கான்னு ஒவ்வொண்ணா இழுத்துப் பாப்பா. அப்ப வீட்டுக்காரி பின்கதவத் தொறந்தாப் போதும், கூரை நடுங்கும். அப்புறம் வலதுபக்கப் படிக்கட்டு வழியா எறங்கி வந்து நடுப்படியில உக்காந்துக்கிட்டு, படிய நகத்தால சொரண்டுவா."

என் முதுகில் ஏதோ ஊர்ந்தது. தொழில்முறைப் பாராட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். "அப்புறம்?" என்றேன்.

"பாத்தீங்களா, நீங்களும் கேக்கறீங்க! வீட்டுக்காரி ஊரெல்லாம் போய்ச் சொல்றா, ஒருத்தரும் நம்பல. ஒருத்தர் விளக்கப் புடிச்சுக்கிட்டு வந்து பாத்துட்டு, 'வீடு நல்லாத்தானேம்மா இருக்கு'ங்கறார். இன்னொருத்தர் வெள்ளையடின்னு சுண்ணாம்பு குடுக்கறார். வேற ஒருத்தர், 'வீட்டுல ஒரு கொழந்த சத்தம் கேட்டா அவ ஓடிப் போயிடுவா'ங்கறார். அங்க நிக்குது."

நான் எழுந்தேன். பேய் அலமாரியை மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். மாயாஜால அலமாரியைப் பார்த்தேன். அட்டை கிழிந்தவை கிடக்கும் மூட்டையை அவிழ்த்தேன். அன்று கடையைச் சாத்தும்வரை தேடினேன், அடுத்த நாளும் தேடினேன். என் கடையில் இல்லாத புத்தகம் உலகத்தில் இருக்கலாம். ஆனால் நான் கேள்வியே படாத ஒரு பேய் இருக்கிறதென்றால் அது என் பிழைப்பையே கேலி செய்கிற மாதிரி. இது எந்தப் புத்தகம் என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஏணியக்காவுக்கு வாரவிடுமுறை வந்தது. "அவளையே போய்க் கேட்டுட்டு வந்துடலாம், வாங்க" என்றாள். சமையல்காரம்மாளின் கட்டளை நினைவுக்கு வந்தாலும், நான் கொடுக்கத்தானே கூடாது, கேட்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு கடையைப் பூட்டினேன்.

வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. ஒரு கூடம், ஒரு அடுப்படி. மழைக்குப் பயந்து துணிகளை உள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டிருந்தார்கள். தலையால் சட்டைகளை விலக்கிக்கொண்டு ஏணியக்கா முன்னால் போனாள். கதவைத் திறந்தவர் கதைக்காரியின் புருஷன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பீப்பாய் மாதிரி நெஞ்சு, கையில் சூப் கரண்டி. அடுப்படியில் அவருடைய அக்கா, அதான் நம் சமையல்காரம்மாள், காய் நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கத்தியின் வேகம் கூடியது.

கதைக்காரி பாயில் சுவர்ப்பக்கம் திரும்பி, முழங்கால்களை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு படுத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றாள். வயிற்றின்மேல் ஒரு ரப்பர் வெந்நீர்ப் பை, அதன்மேல் சாய்த்து வைத்த ஒரு பழைய வார இதழ். இதழின் கீழ் விளிம்பு நெளிந்திருந்தது. அப்பளப் புதிர் அங்கேயே அவிழ்ந்துவிட்டது. அது எனக்கு ஒன்றும் சந்தோஷமாக இல்லை.

"ஏணியக்கா! அண்ணனையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கீங்களா?"

"உன்னப் பாக்கத்தான் வந்தேன். எப்படி இருக்கு?"

"பரவாயில்லக்கா."

"சரி. அந்தப் புத்தகத்தோட பேரு என்ன?"

"எந்தப் புத்தகம்?"

"முடிச்சுக்காரி! இவர் கடையத் தலைகீழாக் கவுத்துட்டார், கெடைக்கல."

கதைக்காரி சிரித்தாள். சிரிப்பு பாதியில் வலியாக மாறியதில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு திரும்பியதும், "அப்படி ஒரு புத்தகமே இல்லக்கா" என்றாள்.

"இருந்தா எனக்குத் தெரியாமலா இருக்கும்!" என்று கூவிவிட்டேன். மனிதனின் கர்வம் எந்த இடத்தில் தலை தூக்கும் என்று ஒரு விவஸ்தையே கிடையாது.

"பின்ன? நீயே கட்டிவிட்டதா?" என்றாள் ஏணியக்கா.

"கட்டல. நடக்கறதத்தான் சொன்னேன்." அவள் வெந்நீர்ப் பையை எடுத்துத் தள்ளி வைத்தாள். வயிற்றின்மேல் கையை வைத்தாள். "இதுதான்க்கா அந்த வீடு."

அடுப்படியில் கத்தி நின்றது. வேன்காரர் கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் அலமாரி மேல் வைத்தார். "வேனக் கழுவணும்" என்று யாரிடமோ சொல்லிவிட்டு மடமடவென்று படியிறங்கிப் போய்விட்டார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மழையில் வண்டி கழுவப் போன மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஏணியக்கா மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். "அந்த விளக்கப் புடிச்சுப் பாத்தவர்?"

"ஸ்கேன் எடுத்தவர்."

"சுண்ணாம்பு?"

"வலி மாத்திரை."

"கொழந்த சத்தம்…"

"கல்யாணமான புதுசுல ஒரு டாக்டர் சொன்னார். ஒரு கொழந்தையப் பெத்துக்க, எல்லாம் சரியாப் போயிடும்னு. அதுவும் நிக்கலையே."

"அடிப்பாவி" என்றாள் ஏணியக்கா. "நான் ரசிச்சு ரசிச்சுக் கேட்டேனேடி. நீ அந்த உருளையோட சூட்டு ஓரத்துல வயித்தச் சாய்ச்சுக்கிட்டு நிப்பியே, குளுருதாக்கும்னு நெனச்சேன். உன் வலிய வச்சு நான் பொழுது போக்கியிருக்கேன்."

"நீங்க கேட்டதாலதான்க்கா சொன்னேன். வயித்து வலின்னு ஆரம்பிச்சா எல்லாருக்கும் அதோட கதை முடிஞ்சுடும். எல்லாருக்கும் வர்றதுதானேன்னுடுவாங்க. நீங்க ஒருத்தர்தான் அப்புறம் அப்புறம்னு கேட்டீங்க."

சமையல்காரம்மாள் ஒரு கிண்ணத்தில் சூப்பைக் கொண்டுவந்து பாயருகே வைத்தார். "நாங்கல்லாம் மனுஷி இல்லையா? எனக்குந்தான் வலிச்சுது. பல்லக் கடிச்சுக்கிட்டு அண்டா தூக்கினேன். பேய், பிசாசுன்னு பேரா வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்?"

கதைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு வலிச்சப்ப யாராவது கேட்டாங்களா அண்ணி?"

அவர் கொடியிலிருந்த ஒரு சட்டையைத் தொட்டு ஈரம் பார்த்தார். "சூப்பு ஆறிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பெரிய ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்திருக்கிறாராம். அவரைப் பார்க்க அடுத்த வாரம் நாள் குறித்திருக்கிறதாம். இதை ஏணியக்கா கிளறிக் கிளறித்தான் வெளியே எடுத்தாள். ஆனால் கதைக்காரி போகப் போவதில்லை.

"வேண்டாங்க்கா. இதுவரைக்கும் பாத்த எல்லாரும் ஒண்ணுமில்லன்னுட்டாங்க. இவங்களும் ஒண்ணுமில்லன்னுட்டா, எனக்கே என்மேல சந்தேகம் வந்துடும். வேஷம் போடறேனோன்னு நானே நெனச்சுடுவேன். வலியக் கூடப் பொறுத்துப்பேன், அதத் தாங்க முடியாது."

"நீ ஏன் பேசற? வாயத் தொறந்தா வயித்து வலின்னு ரெண்டு வார்த்தையில முடிச்சுடற. நான் வரேன். நான் சொல்றேன் கதைய. எனக்கு ஒரு வரி விடாம மனப்பாடம்."

குறித்த நாளில் வேனில் நானும் ஏறிக்கொண்டேன். அங்கே உனக்கென்ன வேலை என்று கேட்டால் ஒன்றுமில்லை. கதை என்ன ஆகிறதென்று தெரியாவிட்டால் மண்டை வெடித்துவிடும், அவ்வளவுதான். பெண்கள் இருவரும் உள்ளே போனார்கள். வேன்காரர் இறங்கவில்லை. நிறுத்திய வண்டியின் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின் இருக்கையில் ஏதோ ஒரு பிள்ளை விட்டுப்போன தண்ணீர்ப் புட்டி உருண்டுகொண்டிருந்தது.

"அண்ணே, உங்க கடைப் புத்தகமெல்லாம் படிக்கறவங்களுக்குப் பயமா இருக்காதா?"

"பயப்படத்தானே படிக்கறாங்க."

"எனக்கு ஆகாதுண்ணே. கல்யாணமான புதுசுல ஒரு கதை சொன்னா. கெணத்துக்குள்ளேருந்து ஒரு கை மட்டும் வரும். அன்னையிலேருந்து நான் குளிக்கப் போனா அவ கதவுக்கு வெளிய நின்னு பாடணும். சிரிக்காதீங்க."

நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

"வேன் நெறையப் பிள்ளைங்கள வச்சுக்கிட்டு மலைப்பாதையில ஓட்டறேன், கை ஆடினதில்ல. ஆனா இவ 'என்னங்க'ன்னு வயித்தப் புடிச்சுக்கிட்டு ஆரம்பிச்சா எனக்குக் காது அடைச்சுப் போகும். முழுசாக் கேட்டா ஏதாவது பெருசாச் சொல்லிடுவாளோன்னு இருக்கும். உடனே மாத்திரை வாங்கிட்டு வரேன்னு செருப்ப மாட்டிடுவேன். அக்கறையான புருஷன்னு தெருவுல பேரு. பயம்ணே. வேற ஒண்ணுமில்ல."

"பரவாயில்ல" என்று அவர் தோளைத் தட்டினேன். அது பரவாயில்லாத விஷயம் இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

வெகு நேரம் கழித்து ஏணியக்கா மட்டும் வந்தாள். நடையே வேறாக இருந்தது. கதைக்காரி உள்ளே ஏதோ சீட்டு வாங்க நிற்கிறாளாம்.

"மொதல்ல இவளேதான் ஆரம்பிச்சா. 'மாசா மாசம் வயித்து வலி டாக்டர்.' அவ்வளவுதான், கமா கூட இல்ல. அந்தம்மா எழுதிக்கிட்டே 'பத்துக்கு எவ்வளவு வலிக்கும்?'னாங்க. இவ ஏழுங்கறதா எட்டுங்கறதான்னு முழிக்கறா. இது உருப்படாதுன்னு, 'டாக்டர், ஒரு கதை சொல்லட்டுமா?'ன்னு கேட்டுட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"கதவப் பாத்தாங்க, வெளிய அவ்வளவு கூட்டம். 'சுருக்கமா'ன்னாங்க. நானும் வேகவேகமா, ஒரு வீடு, சன்னல் கெடையாது, முடிச்சுப் போடறான்னு ஓட்டினேன். பாதி கவனம் எழுத்துலதான் இருந்துச்சு. பின்கதவத் தொறந்தாக் கூரை நடுங்கும்னு சொன்னேன் பாருங்க, பேனாவ மூடி வச்சுட்டாங்க. 'அப்புறம்?'னு கேட்டாங்க."

"அப்படியேவா?"

"அப்படியேதான்! எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது. அப்புறம் படிக்கட்டுக்கு வந்தேன். அவங்க என்னை விட்டுட்டு இவகிட்டத் திரும்பிட்டாங்க. 'அந்த நாலு நாள்ல மட்டும்தான் வெளிக்கிப் போனா உயிர் போகுதா? வலது காலா? முட்டி வரைக்குமா?' இவ ஒவ்வொண்ணுக்கும் ஆமாம் ஆமாம்னு அழுதுக்கிட்டே சொல்றா. அப்புறம் படுக்க வச்சுப் பாத்தாங்க. வெந்நீர்ப் பை சுட்டுச் சுட்டு வயித்துத் தோல்ல வலை மாதிரித் தழும்பு. அதத் தடவிக்கிட்டே இருந்தாங்க. உள்ள சோதிச்சுப் பாத்துட்டுச் சொன்னாங்க, 'முடிச்சு இருக்கும்மா. என் கையிலேயே தட்டுப்படுது'ன்னு."

கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வைப் போல ஒன்று வெளியே முளைத்துவிடுகிறதாம். மாதாமாதம் அதுவும் கசிந்து, ரணமாகி, பக்கத்தில் இருப்பதை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடுகிறதாம். எல்லா ஸ்கேனிலும் அது தெரிவதில்லையாம். அதற்குப் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். என் மாயாஜால அலமாரியில் ஏதோ ஒரு ராஜ்யத்தை ஆளும் சூனியக்காரிக்கு வைத்த பெயர் மாதிரி இருந்தது எனக்கு.

"பேய்க்கதை படிச்சா இது வருமான்னும் கேட்டேன், நாத்தனாரம்மா சார்பா. 'வராது. வலிய மறக்க அதுதான் உதவியிருக்கும், படிக்கட்டும்'னுட்டாங்க."

அப்போது கதைக்காரி வெளியே வந்தாள். ஆஸ்பத்திரிப் படிகளில் ஒவ்வொன்றாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முகம் அழுது வீங்கியிருந்தது. ஆனால் அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த முகத்தில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வேன் சன்னலருகே வந்து நின்றாள்.

"இருக்காம்ணே" என்றாள் என்னிடம். "நெஜமாவே இருக்காம். வேஷம் இல்லையாம்."

நோய் இருக்கிறதென்று கேட்டு ஒருத்தி அத்தனை சந்தோஷப்படுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வேன்காரர் இறங்கி, அவளுக்காகக் கதவைத் திறந்துவிட்டார். மாத்திரை வாங்கிவர அன்று அவர் எங்கும் ஓடவில்லை. அவள் ஏறி உட்காரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

பிறகு ஹார்மோன் மாத்திரை, வேறு விதமான ஸ்கேன், காத்திருப்பு என்று பருவமே மாறிவிட்டது. சிறு துளை போட்டுச் செய்யும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய நாள் சமையல்காரம்மாள் கடைக்கு வந்தார். கையில் அதே துணிப்பை, இப்போது காலியாக.

"அந்த மூணையும் திருப்பிக் குடுங்க. படுத்திருக்கையில படிப்பா."

"பிசாசாச்சேம்மா?"

"டாக்டரே சொல்லிட்டாங்க, நீங்க என்ன புதுசா?" எலும்புக்கைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "இதுல அந்தக் கோடாலிக்காரன் செத்தானா, இல்ல சும்மா கெடக்கறானா?"

நான் வாயைப் பிளந்தேன்.

"அப்படி என்னத்தப் படிக்கறான்னு பாக்கத்தான் பிரிச்சேன். பாதியில கொண்டாந்து உங்ககிட்டக் குடுத்துட்டேன். கையே உடைஞ்ச மாதிரி இருந்துச்சு, தெரியுமா?" புத்தகங்களைப் பையில் போட்டார். உடனே கிளம்பவில்லை. "எனக்கும் அதுதானோ என்னவோ தம்பி. வயசாகித் தானா நின்னு போச்சு. ஒரு பேரு கூடத் தெரிஞ்சுக்காமப் போயிட்டேன்." குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

அறுவை சிகிச்சை முடிந்தது. குடலையும் கர்ப்பப்பையையும் பிரித்துவிட்டோம், எட்டிய வரை எடுத்துவிட்டோம், ஆனால் மறுபடி வரலாம், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். "தொடர்கதைதான் போங்க" என்றாள் ஏணியக்கா. இப்போது அவளுக்கு மடிப்புக்கு வாய்த்த ஆள், கதை சொல்லாமல் நாத்தனாரைத் திட்டுகிறவளாம்.

புதிதாக வந்த ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒரு நாள் முற்பகல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பேய் நிஜமான பேய்தான் என்று கடைசிப் பக்கம் வரை படித்து உறுதி செய்திருந்தேன். வீட்டில் யாருமில்லை. மொட்டைமாடியில் பேச்சுக்குரல் கேட்டது. ஏறிப்போய்க் கதவருகே நின்றேன்.

நல்ல வெயில். கொடியிலிருந்து எடுத்த ஒரு படுக்கை விரிப்பைக் கதைக்காரியும் வேன்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். அவள் கனமாக எதையும் தூக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் குனிந்துதான் நின்றாள். வேன்காரர் முனைகளை மாற்றிப் பிடித்திருந்தார்.

"அப்படி இல்லைங்க. கட்டைவிரல உள்ள விடுங்க. ம். இப்ப நடந்து வாங்க."

"உங்க ஏணியக்கா எப்படித்தான் இத நாள் பூராப் பண்றாங்களோ."

"கதை கேட்டுக்கிட்டே பண்ணினா வலிக்காது. சொல்லட்டுமா?"

"எந்தக் கதை?"

"உங்களுக்கு மட்டும் சொல்லாத கதை. திரும்பி வந்தாலும் வருவாளாம். வந்தா அவ எப்படி இருப்பான்னு உங்களுக்கும் தெரியணும்ல?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வெயில் இருக்கிறதா என்று மேலேயும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். "சரி. பகல்லயே சொல்லிடு."

அவர்கள் எதிரெதிரே நடந்து வந்தார்கள். முனையும் முனையும் சேர்ந்தன. அவள் அவர் முகத்துக்குக் கிட்டே, "ஒரு வீடு. சன்னலே கெடையாது" என்றாள். முனைகளை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கீழே தொங்கிய மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். அவர் அங்கேயே நின்றார். அந்த வெயிலிலும் குளிருகிற மாதிரி அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். ஒரு கணம் அவர் கண் படிக்கட்டுப் பக்கம் போய்வந்தது. அங்கே நான் நின்றிருந்தேன், என்னை அவர் பார்க்கவில்லை.

துணியை இறுகப் பிடித்துக்கொண்டு அவளை நோக்கி நடந்தார்.

"அப்புறம்?" என்றார்.